வரூசியன் கல்லில் வெட்ட வேண்டிய பெயர்

மலைமேல் முகிலும் கடல்மேல் நாவாயும் குறையாதிருக்க. குன்றுவாய் நாட்டு ஏழூரும் தம் குடைக்கீழ்க் கொண்டவரும், முதுகில் புண் அறியாத மரபில் வந்தவரும், பாணர் வந்த நாளில் கோட்டை வாயிலைச் சாத்தாதவருமான கோமான் வெண்சாத்தனார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் எழுதும் ஓலை. நீள்கழித்துறையைக் கண்ணிமைபோல் காத்து நிற்கும் துறைக்காவலர் எயினங்கீரனார் இதைக் காண்க. அவர் கண்டபின் துறைமக்கள் எல்லோரும் இதைக் கேட்க.

கேட்க என்ற சொல்லை அழுத்தி எழுதச் சொன்னார் கோமான். இவ்வோலை நீளமானது. சுருக்கிச் சொல்லி அனுப்பிவிட வேண்டாம். கல்லுக்கு எதிரே பந்தலிட்டு மக்களை உட்காரவைத்து, கைப்பிள்ளைக்காரிகளை நிழல் விழும் பக்கத்தில் அமர்த்தி, வலை உலர்த்தப் போனவர்களும் வந்து சேர்ந்த பிறகு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பிக்கவும். பேசியவர் பேசியபடியே எழுதுக என்பதும் கட்டளை. அவைக்கு ஏற்றபடி சொல்லைத் திருத்தினால் வலியும் திருந்திப் போய்விடும் என்றார் கோமான். ஆகையால் அரசன் ஓலையில் இப்படியும் எழுதுவார்களா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

துறைக்காவலரே, நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. துறைமுகப்பில் நிற்கும் வரூசியன் கல்லை உடைத்துக் கடலில் தள்ளினாலன்றி ஒரு மிளகு மூட்டையையும் ஏற்றமாட்டோம் என்று யவனத் தூதன் குவிந்தன் நாவாயை நங்கூரமிட்டு நிறுத்தியிருப்பதையும், உடைக்க வேண்டாம் என்று கல்லின் அடியில் செள்ளை உட்கார்ந்திருப்பதையும், அவள் வீட்டு வாசலில் யாரோ மீன்குடலைக் கொட்டிப் போனதையும் எழுதியிருந்தீர். உடைப்பதா விடுவதா என்று கேட்டிருந்தீர். அதற்கான ஆணை இவ்வோலையின் கடைசியில் இருக்கிறது. குடலைக் கொட்டியவர் அதுவரை இருந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.

வரூசியன் என்பவனை உங்களில் பலருக்குக் கல்லாகத்தான் தெரியும். அவன் கடலுக்கு அப்பால் உரோமாபுரியில் யவனருக்கெல்லாம் பேரரசனாக இருந்தவன். மீசை முளைக்கும் வயதில் அரசுகட்டில் ஏறினான். ஏற்றிவைத்தவள் பெற்ற தாய். ஏறி அமர்ந்த சில ஆண்டுகளில் அவளையே கொல்வித்தான். உடன் வளர்ந்தவனுக்கு விருந்தில் நஞ்சு வைத்தான். ஒரு கோடையில் அந்நகரம் பற்றி எரிந்தது. அவன்தான் கொளுத்தினான் என்பாரும் உண்டு, அன்று அவன் ஊரிலேயே இல்லை என்பாரும் உண்டு. எரிந்த இடத்தில் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டான் என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை. அவனுக்குப் பாட்டில் பித்து. தானே யாழெடுத்துத் தானே பாடி, தான் வைத்த போட்டியில் தானே வென்று, தன் தலையில் தானே வாகை சூடிக்கொள்வானாம்.

இவற்றில் ஒன்றும் அன்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம், அவன் நம் மிளகை விரும்பினான், நம்மோடு நட்புக் கொள்ளத் தூதர் ஒருவரை அனுப்பும்படி கேட்டான் என்பதுதான். நீள்கழித்துறையிலேயே பிறந்து, யவனர் மொழியை நாவாய்த் தட்டுகளில் கற்ற பூதங்கொற்றனாரைக் கோமான் தூதராகத் தேர்ந்தார். செள்ளை அவருடைய மனைவி. பயணத்துக்குக் கருவாடும் புளியும் கட்டிக்கொடுத்தபோது, யவனர் சோற்றில் உப்பே இராதாம், அரசன் முன்னால் முகம் கோணிக்கொண்டு உட்காராதீக என்று அவள் சொல்லி அனுப்பியதைத் துறையில் நின்ற எல்லோரும் கேட்டீர்கள், சிரித்தீர்கள்.

ஓராண்டு கழித்து ஒரு வெள்ளிக் கிண்ணம் வந்தது. திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு தூதர் இறந்தார் என்றும், அவர் இல்லத்தாருக்குப் பேரரசன் அளிக்கும் பரிசு இது என்றும் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். கோமான் மூன்று நாள் அவை கூட்டவில்லை. செள்ளை வளையலைக் கழற்றினாள். கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள்.

அடுத்த பருவக்காற்றில் வந்த நாவாய்க்காரர்கள் வரூசியனே இறந்துவிட்டான் என்றார்கள். பகைவர் சூழ்ந்து வர, வாளால் மாண்டான் என்றார்கள். கோமான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புண் முன்பக்கமா, பின்பக்கமா என்று கேட்டார். முன்பக்கம், தொண்டையில் என்றார்கள். இந்நாட்டில் பிறந்த எவரும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்கள். முன்னால் புண்பட்டுச் செத்தவன் வீரன். வீரனுக்குக் கல் நட வேண்டும். அவன் நண்பனாகவும் இருந்தால் நம் மண்ணில் நட வேண்டும். துறைமுகப்பில் கல் எழுந்தது. கையில் யாழும் தொண்டையில் புண்ணுமாக உருவம் செதுக்கி, மேலே வரூசியன் என்று பெயர் வெட்டி, மயிற்பீலி சூட்டினார்கள். மெச்சாதவர் யார்? நீங்களும் மெச்சினீர்கள், ஓலை எழுதும் கையும் மெச்சியது.

நட்ட கல்லுக்கு நாற்பத்தொரு நாள் கள் வார்க்க வேண்டும். வீரன் கையால் பரிசு பெற்ற வீட்டார்தான் வார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். பரிசு பெற்ற வீடு துறையில் ஒன்றே ஒன்று இருந்தது. செள்ளை பரணிலிருந்து கிண்ணத்தை இறக்கினாள்.

காலைதோறும் வழக்கப்படி பச்சைத் துணி உடுத்து வந்து, கல்லைக் கழுவி, நெய் பூசி, கிண்ணத்தில் கள் வார்த்தாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் கல்லோடு பேசத் தொடங்கினாள். அதை அருகில் வலை முடைந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரக் கடைசியாப் பாத்தவுகள்ல நீங்களும் ஒருத்தரு. அவுக என்ன பேசுனாக, என்ன தின்னாகங்கிறத யாருகிட்டச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியாமப் போச்சு. எங்கிட்டச் சொல்லலாம்ல" என்றாளாம். ஒரு நாள் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எடுத்துவந்து கல்முன் வைத்து, இதுதான் அவுக கேட்டிருப்பாக என்றாளாம்.

துறைவாயிலில் வேல் பிடித்து நிற்கும் யவனக் காவலன் பிலோனை எல்லோரும் அறிவீர்கள். முப்பத்தெட்டாம் நாள் அவன் வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தான். அந்நிய ஆடவன் கைபிடித்ததற்கு அடி விழும் என்று அறிந்தே பிடித்தான்.

"ஊத்தாத அம்மா. போதும், ஊத்தாத" என்றான்.

அவள் கையை உதறி, குடித்திருக்கிறாயா என்று கேட்டாள்.

"குடிச்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன். குடிக்காததால முப்பத்தெட்டு நாள் பயந்தேன்" என்றான் பிலோன்.

பிறகு அவன் சொன்னதைக் கோமான் அவையிலும் சொல்லியிருக்கிறான், ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறான். வரூசியன் இறந்த செய்தி வந்த நாவாயில் இங்கே வந்தவன் அவன்; அதற்குமுன் வரூசியனுக்கு யாழ்நரம்பு கட்டுபவனாக இருந்தவன். பேரரசன் பாடும்போது அரங்கின் கதவைப் பூட்டிவிடுவார்களாம். தூங்கினால் தலை போகும். "எங்க ஊர்ப் பெரிய மனுசங்க உங்க மிளக எதுக்கு வாங்குறாங்கன்னு நினைக்கிறீங்க? கறிக்கா? வாயில அடக்கிக் கடிச்சுட்டே பாட்டுக் கேப்பாங்க. கண்ணுல தண்ணி வரும். அரசன் பாத்து, உருகி அழுறான்னு மோதிரம் கழட்டிக் கொடுப்பான்" என்று பிலோன் சொன்னபோது அவையில் சிலர் சிரித்துவிட்டார்கள். செள்ளை சிரிக்கவில்லை. அவளுக்கு மேலே வரப்போவது தெரியும்.

துறைமக்களே, நம் நாட்டில் பாட்டு எப்படிக் கேட்போம்? கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். பாடுகிறவரைக் கண்விரித்துப் பார்ப்பது சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பூதங்கொற்றனார் அங்கே, யவனப் பெருமக்களின் நடுவே, முதல் வரிசையில், தம் நாட்டு மரியாதை முழுவதையும் அந்தப் பாட்டுக்குக் கொடுத்தார். கண்ணை மூடி, கைகட்டி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார். பாட்டு நின்றது. ஏன் நின்றது என்று அறியக்கூட அவர் அவசரப்பட்டுக் கண் திறக்கவில்லை என்றான் பிலோன்.

"நரம்பு ஒண்ணு கொடுன்னு வந்து கேட்டாங்க. யாழுல அறுந்துபோச்சுன்னு நினைச்சேன். நல்ல நரம்பாப் பாத்து எடுத்துக் கொடுத்தேன் அம்மா. கழுத்துல கட்டத்தான்னு எனக்குத் தெரியாது."

வரூசியனின் சாவையும் அவனே சொன்னான். பகைவர் வாள் அவன்மேல் படவேயில்லை. தோட்டத்து வீடொன்றில் ஒளிந்து, கத்தியைத் தன் தொண்டையில் தானே வைத்து, அழுத்தத் துணிவில்லாமல் அழுதான். பக்கத்தில் நின்ற பணியாள்தான் கையைப் பிடித்து அழுத்தினான். அப்படிப்பட்டவன் புதைகுழியிலும் ஏழை எளியவர்கள் நாள்தோறும் பூ வைத்தார்களாம்; அப்பம் கொடுத்தான், தேரோட்டம் காட்டினான் என்று அழுதார்களாம். அதைச் சொன்னபோது பிலோன் கோமானைப் பார்க்கவில்லை. கோமான் தாமாகவே, நாமும் வைத்தோம் என்றார்.

செள்ளை அன்று அவையில் கேட்டவை இரண்டு. அந்தக் கல்லைப் பிடுங்க வேண்டும். தன் கணவருக்கு ஒரு கல் நட வேண்டும்.

இரண்டுக்கும் விடை சொன்னவர் அமைச்சர் அந்துவனார். மூத்தவர், முறை அறிந்தவர், கெட்டவர் அல்லர். கள் ஏற்ற கல்லைப் பிடுங்குவது பிணத்தைத் தோண்டுவதற்குச் சமம், அப்படி ஒரு வழக்கம் இந்நாட்டில் இல்லை என்றார். அந்தப் புண் அவன் தானே பட்டது, கோழையாய்ப் பட்டது என்று செள்ளை சொன்னபோது, யார் கையால் பட்டது என்று பார்க்கும் வழக்கமும் இல்லை, முன்னா பின்னா என்பதே கேள்வி என்றார். பூதங்கொற்றனார் குருதி சிந்தவில்லை, போரிடவில்லை, கழுத்து நெரிந்து இறந்தார். அவருக்காக இவ்வவை கண்ணீர் விடும், கல் நடாது என்றார்.

செள்ளை எழுந்து நின்றாள். "காயம் எங்க இருக்குன்னு பாத்தீக. ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க வீட்டுக்காரரு உடம்புல ரத்தம் வரல, அதனால அவுக செத்தது சாவு இல்ல. அவனுக்கு ரத்தம் வந்துச்சு, அதனால அவன் சாமி. நல்லாருக்கு ஐயா உங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைத் தடுக்க யாருக்கும் கை வரவில்லை. அழைத்து ஆறுதல் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. கோமானுக்கும் வரவில்லை. இதையும் எழுது என்றார், எழுதப்பட்டது.

அதன்பின் ஆறு திங்கள் சென்று குவிந்தன் வந்தான். உரோமாபுரியில் புதுப் பேரரசன் அமர்ந்துவிட்டான். வரூசியன் பெயர் எங்கெங்கு வெட்டப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் செதுக்கி அழிக்கவும், உருவம் எங்கெங்கு நிற்கிறதோ அங்கெல்லாம் உடைக்கவும் ஆணையாம். தெய்வ வாக்கைச் சொல்வதுபோல் குவிந்தன் அதைச் சொன்னான். உங்கள் துறையில் ஒன்று நிற்கிறது, அது விழுந்தால் மிளகு ஏறும் என்றும் சொன்னான்.

துறைமக்களே, நம் அவை இதை ஆராய எடுத்துக்கொண்ட நேரம், வெற்றிலை மடித்துப் போட்டு மென்று துப்பும் நேரம். அந்துவனார் எழுந்தார். அந்தப் புண் அவன் தானே பட்டது, கோழையாய்ப் பட்டது. ஆகவே அது விழுப்புண் ஆகாது. ஆகவே அது நடுகல்லே அன்று. வெறுங்கல்லை உடைக்க வழக்கம் தடுக்காது என்றார். செள்ளை கொண்டுவந்த சொற்கள்தாம், ஒன்றும் மாறவில்லை. அவள் கொண்டுவந்தபோது அவற்றுக்கு எடை இல்லை. இப்போது அவற்றின் பின்னால் ஒரு நாவாய் நின்றது. அவை தலையசைத்தது. கோமான் முத்திரைக்குக் கை நீட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடி இருக்கச் செள்ளை உள்ளே வந்தாள். துறையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"உடைக்கக் கூடாது" என்றாள்.

அந்துவனார் தாடியைத் தடவிக்கொண்டு, "ஏம்மா, நீ கேட்டதுதானே நடக்குது. பிடுங்குன்னு அழுததும் நீதான், பிடுங்காதேன்னு வாறதும் நீதானா? உனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"எனக்கு வேணுங்கிறப்ப நீங்க பிடுங்கலயே ஐயா. இப்ப இவுகளுக்காகப் பிடுங்குறீக. பிடுங்கிப்புட்டா அப்பறம் எங்க வீட்டுக்காரரக் கொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு, மொழிபெயர்க்க வந்திருந்த பிலோனிடம் குவிந்தனைக் காட்டி, "இவர்ட்டக் கேளு. வரூசியன் கொன்னதுக்கு இவுக ஊரு என்ன பதில் சொல்லுது, கேளு" என்றாள்.

பிலோன் கேட்டான். குவிந்தன் சற்றும் கோபமின்றி விடை சொன்னான். கோமான் சொல்லச் சொன்னபின் பிலோன் அதை மொழிபெயர்த்தான்.

"அப்படி ஒரு அரசன் இல்லவே இல்லைங்குறார் அம்மா. ஏட்டுல இல்ல, கல்லுல இல்ல. இல்லாதவன் யாரையும் கொல்லலையாம். உங்க வீட்டுக்காரர் காய்ச்சல்ல செத்தார்னு எழுதியிருக்காம், அது அப்படியே இருக்குமாம்."

செள்ளை நெடுநேரம் அந்த யவனனின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் கொடுமை ஒன்றும் இல்லை. அவன் ஒரு வேலையாக வந்தவன், வேலையை முடித்துக்கொண்டு போக நினைப்பவன். அதைக் கண்டபின் அவள் அவனிடம் பேசவில்லை. கோமானிடம் பேசினாள்.

"கோமானே, அவுகளுக்கு நீங்க கல்லு தரமாட்டீக. வழக்கம் இல்ல, சரி. நான் இனி கேக்கல. அந்தக் கல்லு நிக்கட்டும். அவன் பேரு இருக்கட்டும். பேருக்குக் கீழ, இவன் இன்னாரைக் கொன்னான்னு வெட்டுங்க. அவன் பேர அழிச்சா எங்க வீட்டுக்காரரும் சேந்து அழிஞ்சு போவாக. அவன் பேரு நிக்கிற வரைக்குந்தான் அவுக சாவு நிக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனுக்கு நான் முப்பத்தெட்டு நாள் நெய் பூசியிருக்கேன். என் கணவரு பேரு வெட்டுற அளவுக்கு இடம் கேக்க எனக்கு உரிமை இருக்கு" என்றாள்.

கோமான் முத்திரையை எடுக்கவில்லை. ஆணையை ஓலையில் அனுப்புவோம் என்று எல்லோரையும் துறைக்குத் திருப்பியனுப்பினார். எட்டு நாள் அவர் யாரோடும் இதைப் பேசவில்லை. அந்துவனார் இருமுறை வந்து, மிளகு மழையில் நனைந்தால் மலைக்குடிகள் கெடுவர் என்றார். அது உண்மை, அவர் பொய் சொல்பவர் அல்லர். எட்டாம் நாள் கோமான் ஓலைநாயகத்தை அழைத்துச் சொன்னது இது. வரூசியன் தன் பாட்டைப் புகழாதவனைக் கொன்றான். நாம் நம் வழக்கத்தை அவள் புகழ வேண்டும் என்று அவளை முப்பத்தெட்டு நாள் கொன்றோம். அவனை உரோமாபுரி அழித்துவிட்டுத் தன்னைத் தூயதாக்கிக்கொள்கிறது. நாமும் கல்லை உடைத்தால், நட்டவர் நாம் என்பதும் உடைந்து போகும். எனக்கு அந்த வசதி வேண்டாம்.

ஆகையால் ஆணை வருமாறு. துறைக்காவலர் எயினங்கீரனார் இதை இன்றே நடத்துக.

கல் உடைபடாது. வரூசியன் என்ற பெயரில் ஓர் எழுத்தும் சிதையாது. அதன் கீழே கல்தச்சன் வெட்ட வேண்டியது: தன் பாட்டைக் கண்மூடிக் கேட்ட நீள்கழித்துறைப் பூதங்கொற்றனாரை யாழ்நரம்பால் கொல்வித்தவன் இவன். அறியாமல் இவனுக்குக் கல் நட்டு, அவர் மனைவி செள்ளையைக் கள் வார்க்கவைத்தவன் குன்றுவாய்க் கோ வெண்சாத்தன். இவ்விரண்டு வரியும் ஒரே அளவில் இருக்கட்டும். கோமான் பெயரைச் சிறிதாக வெட்டித் தச்சன் தன் அன்பைக் காட்ட வேண்டாம். அதையே யவன எழுத்தில் பிலோன் எழுதிக்கொடுக்க, அதுவும் வெட்டப்படுக. நரம்பு கொடுத்த கை எழுதுவதைச் செள்ளை ஒப்புக்கொண்டால் மட்டும் அவன் எழுதட்டும். ஒப்பாவிட்டால் வேறு யவனனைத் தேடுக.

இனி அக்கல்லுக்குக் கள் இல்லை, நெய் இல்லை, பீலி இல்லை.

குவிந்தனுக்கு நன்னீரும் வழியுணவும் கொடுத்து, கோபம் காட்டாமல் அனுப்புக. நாவாய் மீண்டும் வருமா என்று அவனிடம் கேட்க வேண்டாம். வராமலும் போகலாம். மலைக்குடிகளுக்கும் துறைக்குடிகளுக்கும் இவ்வாண்டு கோட்டைக் களஞ்சியம் திறந்திருக்கும். அது தீர்ந்தபின் என்ன என்பது கோமானுக்கும் தெரியாது. அந்தக் குறைக்குத் திட்ட வேண்டுமானால் கோமானைத் திட்டுங்கள். செள்ளை வீட்டு வாசலைக் கழுவிவிடுங்கள்.

இக்கல்லைக் காப்பவர் யாராயினும், கோமானின் முடி அவர் காலடிக்குத் தாழும். உடைப்பவர் யாராயினும், பின்வரும் மன்னரேயாயினும், பூதங்கொற்றனாரை இரண்டாம் முறை கொன்றவர் ஆவார். இந்நாட்டு ஏழூரிலும் பூதங்கொற்றனார் பெயர் நிற்பதற்கு வேறு கல் இல்லை.

இப்படிக்குத் திருவாணை. கோமான் தம் கையால் முத்திரை இட்டார்.